நன்னீர்த் தொட்டியைக் கடல் தொட்டியாக மாற்றும் தொழில்: முதலீடு செய்ய முன் அறிய வேண்டியவை

"கண்ணாடித் தொட்டி இருக்கிறது, பம்ப் இருக்கிறது. தண்ணீரை ஊற்றிவிட்டு உப்பைப் போட்டால் கடல் மீன் வளர்க்கலாம்தானே நானா?"

வர்ண மீன் தொழிலில் ஈடுபட்டுள்ள நமது இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கப்பி, மொலி, ஏஞ்சல், பைட்டர் என்று நன்னீர் மீன்களை வீட்டு முற்றத்தில் வளர்த்து விற்று, குடும்பச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிப்போர் நம் ஊர்களில் பலர் உள்ளனர். ஹோட்டல், உணவகம், பல் வைத்திய நிலையம் போன்ற இடங்களில் இப்போது கடல் தொட்டியையும் விசாரிக்கிறார்கள். ஒரு சோடி கடல் மீனின் விலையைக் கேட்டதும், கப்பி விற்றுப் பழகியவருக்கு ஆசை வருவது இயல்பே.

இத்தொழிலில் இலாபம் உண்டு. ஆனால் அந்த இலாபம் மீனை வேகமாக விற்பவருக்குக் கிடைப்பதில்லை. தொட்டி தயாராகும் வரை மீனை விற்காமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கிறது. ஏன் என்பதை இக்கட்டுரையில் கணக்கோடு விளக்குகிறேன். உதாரணத்துக்கு நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட சாதாரண தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 255 லீற்றர். கல்லும் மணலும் இட்டு, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டால் தண்ணீர் சுமார் 200 லீற்றர்தான் நிற்கும்.

எது மிஞ்சும், எது மிஞ்சாது

பழைய தொட்டியிலிருந்து பயன்படக் கூடியவை கண்ணாடியும் தாங்கியும் மட்டுமே. அவற்றிலும் நான் முதலில் கேட்பது, "இந்தத் தொட்டியில் மீனுக்கு என்ன மருந்து போட்டீர்கள்?" என்பதைத்தான். நன்னீர் மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு விற்கப்படும் மருந்துகள் பலவற்றில் செம்பு கலந்திருக்கும். செம்பு சரளைக் கல்லிலும் கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கனிலும் தங்கி, பின்னர் மெதுவாகக் கசியும். மீன் அதனைத் தாங்கினாலும் இறால், நத்தை, முருகை போன்றவை மிகச் சிறிய அளவையும் தாங்காது. மருந்து போட்ட வரலாறு தெரியாத தொட்டியை மீன் மட்டும் வளர்க்கப் பயன்படுத்தலாம். முருகை வைக்கும் எண்ணம் இருந்தால் புதுத் தொட்டி வாங்குவதே சிக்கனம்.

பழைய சரளைக் கல்லை முழுமையாக அகற்ற வேண்டும். இரும்பு ஆணி, இரும்பு மூடி எதுவும் தண்ணீருக்கு மேலே இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் துரு பிடித்துத் தொட்டிக்குள் விழும். நன்னீர் வடிகட்டியில் வளர்ந்திருக்கும் நன்மை தரும் பக்ரீரியாக்கள் உப்பு நீரில் வேலை செய்யமாட்டா. ஆகவே ஐந்து வருடம் ஓடிய தொட்டியாக இருந்தாலும், உப்பு நீர் ஊற்றிய நாளில் அது புதுத் தொட்டிதான்.

புதிதாக வாங்க வேண்டியவையும் சில உண்டு. தண்ணீரைச் சுழலச் செய்யும் நீரோட்டப் பம்ப் ஒன்று, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்று, உப்பின் அளவைப் பார்க்கும் ரிப்ரக்டோமீற்றர் ஒன்று, அமோனியா முதலியவற்றைச் சோதிக்கும் திரவங்கள். ஒரே வெப்பநிலையில், கடல் நீரில் கரையும் ஒட்சிசன் நன்னீரை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் தண்ணீரின் மேற்பரப்பு எந்நேரமும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

புத்தளம் உப்பு ஏன் உதவாது

"கடையில் உப்பு மலிவாக இருக்கிறதே, அதையே போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். புத்தளம் உப்பளத்தைப் பார்த்தவருக்கு இதன் விடை இலகுவில் புரியும். கடல் நீரை வெயிலில் காய வைக்கும்போது முதலில் ஜிப்சம் படிகிறது. கல்சியத்தின் பெரும்பகுதி அதனோடு போய்விடுகிறது. அடுத்து உப்பு படிகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள். மக்னீசியம் அதிலேதான் இருக்கிறது. இந்த இரண்டையும் நீக்கிய பிறகு, அயடீன் சேர்த்துப் பொதி செய்ததைத்தான் நாம் சமையலுக்கு வாங்குகிறோம். அதனைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் உவர் நீர் கிடைக்கும், கடல் நீர் கிடைக்காது. முருகை தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கு லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாத கல்சியமும், ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் தேவை.

ஆகவே இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, மீன்தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் கடல் உப்புக் கலவை. லீற்றருக்கு 35 முதல் 38 கிராம் வரை செல்லும். நமது 200 லீற்றருக்கு ஏழு கிலோவுக்கு மேல் வேண்டும். கிழமைக்குப் பத்து வீதம், அதாவது 20 லீற்றர் தண்ணீரை மாற்றினால் வருடத்துக்கு ஏறத்தாழ 38 கிலோ உப்பு செலவாகும். இது இறக்குமதிப் பொருள் என்பதால் டொலரின் விலையோடு ஏறி இறங்கும். விலைப்பட்டியல் எழுதும்போது இதனை மறக்க வேண்டாம்.

மற்ற வழி, உண்மையான கடல் நீர். கரையோர ஊர்களில் இருப்போருக்கு இது பெரிய வசதி. ஆனால் ஆற்று முகத்துவாரம், மீன்பிடித் துறைமுகம், ஹோட்டல் கழிவு வந்து சேரும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகி எடுக்க வேண்டும். மழை பெய்த நாட்களில் எடுக்கக் கூடாது. எடுத்த நீரை வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் தாங்கியில் இருட்டில் சில நாள் வைத்து, உப்பின் அளவைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு. இதனை ரிப்ரக்டோமீற்றரில் 1.026 என்று காணலாம்.

நன்னீர் வளர்ப்பில் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தொட்டித் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. நாளுக்கு மூன்று லீற்றர் ஆவியாகிறது என வைப்போம். அந்தக் குறையை உப்பு நீரால் நிரப்பினால் நாளுக்கு 105 கிராம் உப்பு கூடுகிறது. பத்தே நாளில் 35 என்ற அளவு 40 ஆகிவிடும். ஆவியாகும் நீருக்குப் பதிலாக எப்போதும் நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரினும், பல ஊர்களின் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உண்டு. ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரே பாதுகாப்பானது.

வெறுந்தொட்டியின் ஆறு கிழமை

இப்போது விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். உப்பு நீர் நிரப்பி, கல் அடுக்கி, விளக்கு எரிந்ததும் தொட்டி அழகாகத் தெரியும். வாடிக்கையாளர் "எப்போது மீன் போடுவீர்கள்?" என்று கேட்பார். வியாபாரி வழுக்குகிற இடம் இதுதான்.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகும்போது அமோனியா உண்டாகிறது. அது மீனைக் கொல்லும் நஞ்சு. ஒரு வகை பக்ரீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் கேடானதே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இதன் தீங்கு மிகக் குறைவு. தண்ணீர் மாற்றும்போது அதனை வெளியேற்றிவிடலாம். இவ்விரு வகை பக்ரீரியாக்களும் கல்லிலும் மணலிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். இக்காலத்தில் மீனே தேவையில்லை. ஒரு துண்டு இறாலையோ, ஒரு சிட்டிகை மீன் உணவையோ போட்டால் போதும். அது அழுகி அமோனியாவைத் தர, பக்ரீரியா வளரத் தொடங்கும். சோதனையில் அமோனியா ஏறும், பிறகு இறங்கும். நைத்திரைற் ஏறும், அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற் தென்பட்ட பிறகே தொட்டி தயார்.

அதன் பிறகும் ஒரே நாளில் பத்து மீனைப் போடக் கூடாது. முதலில் ஒரு சோடி கோமாளி மீன். இரண்டு கிழமை கழித்து அடுத்தது. ஒவ்வொரு முறையும் பக்ரீரியா தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டும். தொட்டியிலேயே பெருக்கப்பட்ட கோமாளி மீன் கிடைத்தால் அதனையே தெரிவு செய்யுங்கள். கடலில் பிடித்ததை விட அது உணவுக்கும் தொட்டிக்கும் பழகியிருக்கும். வீட்டில் மொலி வளர்ப்போருக்கு ஒரு செய்தி: மொலியைச் சில நாட்கள் எடுத்துப் படிப்படியாக உப்பு நீருக்குப் பழக்கினால் கடல் தொட்டியிலும் வாழும். புதிதாகத் தயாரான தொட்டியைச் சோதித்துப் பார்க்க அது மலிவான முதல் மீன்.

வெளிநாட்டுப் புத்தகம் சொல்லாத செலவு

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள் ஹீட்டர் வாங்கச் சொல்கின்றன. நமக்குத் தேவைப்படுவது அதற்கு நேர்மாறானது. முருகை உள்ள தொட்டியின் நீர் 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நம் வீடுகளின் அறை வெப்பமே பகலில் 30 பாகையைத் தாண்டும். பம்பும் விளக்கும் அதற்கு மேலும் சூடு சேர்க்கும். 1998 ஆம் ஆண்டில் கடல் நீர் வழமையை விடச் சில பாகை சூடானதற்கே ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் பெரும் பரப்பு முருகைகள் வெளிறி மடிந்தன. 200 லீற்றர் கண்ணாடிப் பெட்டிக்கு அதைவிடப் பொறுமை இருக்காது. ஆகவே சில்லர் எனப்படும் நீர்க்குளிரூட்டி வேண்டும்.

அதன் மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். 300 வொட் சில்லர் நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் 3 அலகு. 40 வொட் பிரதான பம்ப், 20 வொட் ஸ்கிம்மர், 10 வொட் நீரோட்டப் பம்ப் ஆகியன இரவு பகலாக ஓடினால் ஏறத்தாழ 1.7 அலகு. 100 வொட் விளக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு 0.9 அலகு. மொத்தம் நாளுக்கு ஐந்தரை அலகு, மாதத்துக்கு 165 அலகுக்கு மேல். நம் நாட்டில் அலகு கூடக் கூட வீட்டுக் கட்டண வீதமும் உயர்கிறது. 90 அலகு பாவிக்கும் வீடு 255 அலகுக்குப் போனால், கூடிய 165 அலகையும் உயர்ந்த வீதங்களிலேயே கட்ட வேண்டிவரும். இதனை முன்கூட்டியே சொல்லாமல் தொட்டியை விற்றால், இரண்டாவது பட்டியல் வந்ததும் வாடிக்கையாளர் சில்லரை நிறுத்திவிடுவார். மூன்றாவது மாதம் தொட்டியையும் மூடிவிடுவார். பிறகு அந்தத் தெருவில் இன்னொருவர் உங்களிடம் தொட்டி கேட்கமாட்டார்.

மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு இவ்வளவு செலவு இல்லை. பல மீன்கள் 28 பாகை வரை தாங்கும். நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஒன்றை வீசச் செய்தால் ஓரிரு பாகை குறையும். தண்ணீர் கூடுதலாக ஆவியாகும், அவ்வளவுதான். வீட்டு வாடிக்கையாளருக்கு நான் பரிந்துரைப்பது இதனையே.

மின்வெட்டும் கணக்கில் வரவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. நீரோட்டம் நின்றால் மீனை முதலில் வாட்டுவது ஒட்சிசன் குறைவுதான். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று ஒவ்வொரு தொட்டியோடும் சேர்ந்தே போக வேண்டும். இதன் விலை சிறிது. காப்பாற்றும் முதல் பெரிது.

கடலில் இருந்து எடுக்கலாமா?

"முருகைக்கல் கரையில் கிடக்கிறதே, எடுத்து வந்து அடுக்கினால் செலவு மிச்சம்தானே" என்று சிலர் நினைக்கின்றனர். இது சட்டப் பிரச்சினை. வனசீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டத்தின் கீழ் கல் முருகைகள் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்கிறது. சர்வதேச வர்த்தகத்தில் கல் முருகைகள் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதிப்பத்திரம் இன்றி நாடு விட்டு நாடு கொண்டு செல்ல முடியாது. முருகையின் மேல் விரித்து அதனை உடைக்கும் மொக்சி வலையும் தடை செய்யப்பட்டதே. ஆவணம் காட்ட முடியாதவரிடம் முருகை வாங்க வேண்டாம். முருகை வைத்துத் தொழில் செய்ய விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பின்னரே காசைப் போட வேண்டும். மீன்களிலும் சில இனங்களைப் பிடிக்கவோ ஏற்றுமதி செய்யவோ தடை உண்டு. கடற்றொழில் திணைக்களத்தில் பட்டியலைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்தத் தடையே ஒரு கைத்தொழிலுக்கு வழி திறக்கிறது. சீமெந்து, உடைத்த சிப்பி ஓடு, கரட்டு உப்பு ஆகியவற்றைக் கலந்து ஈர மணலில் குழி தோண்டி வார்த்தால் செயற்கைப் பாறை கிடைக்கும். உப்பு கரைந்து போன இடங்கள் துளைகளாகும். பக்ரீரியா குடியிருக்க அதுவே வேண்டும். புதுச் சீமெந்து தண்ணீரின் காரத்தன்மையை மிகவும் உயர்த்தும். எனவே வார்த்த பாறையை ஆறு முதல் எட்டு கிழமை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, காரம் குறைந்ததைச் சோதித்த பிறகே விற்க வேண்டும். சமையல் உப்பு மீன் வளர்க்க உதவாவிட்டாலும் இந்த வேலைக்கு உதவும். பெண்களும் வீட்டிலிருந்தே செய்யக் கூடிய, சிறு முதலில் தொடங்கக் கூடிய தொழில் இது.

இலாபம் எங்கே இருக்கிறது

நமது கடல் மீன் வரத்து பருவத்தோடு மாறும். தென்மேற்குப் பருவக் காற்றில் மேற்கு, தெற்குக் கடல்கள் கொந்தளிக்கும்போது சுழியோடிகள் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போகின்றனர். வடகீழ்ப் பருவத்தில் திரும்பி வருகின்றனர். அதனால் மீன் விற்பனையை மட்டும் நம்பிய கடைக்கு வருமானம் சீராக இருக்காது. தொட்டி பராமரிப்புக்குப் பருவம் கிடையாது. கிழமைக்கு ஒரு முறை போய் தண்ணீர் மாற்றி, கண்ணாடி துடைத்து, சோதனை செய்து குறிப்பேட்டில் எழுதிவிட்டு வருவதற்கு மாதச் சம்பளம் கேட்கலாம். பத்து நிலையான வாடிக்கையாளர் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அது நிலையான வருமானம்.

எனது ஆலோசனை, கொடுக்கல் வாங்கலை மூன்றாகப் பிரித்து எழுதுவது. தொட்டிக்கும் சாதனங்களுக்கும் ஒரு விலை. வெறுந்தொட்டியாக இருக்கும் ஆறு கிழமைக் கவனிப்புக்கு ஒரு கூலி. அதன் பின்னர் மாதப் பராமரிப்பு. ஆறு கிழமைக்கும் கூலி கிடைக்கிறது என்றால், "சீக்கிரம் மீனைப் போட்டுக் காசை வாங்குவோம்" என்ற அவசரம் வியாபாரிக்கு வராது. வாடிக்கையாளருக்கும் தான் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பது புரியும்.

மார்க்கத்தின் பக்கமும் ஒரு சொல். தண்ணீரில் உள்ள மீனைப் பிடிப்பதற்கு முன் விற்பதை, நிச்சயமற்ற வியாபாரத்துக்கு உதாரணமாக பிக்ஹ் நூல்கள் காட்டுகின்றன. "சுழியோடி கொண்டு வருவார்" என்று நம்பி, இன்னும் கடலில் இருக்கும் மீனுக்கு முழுப் பணத்தையும் வாங்குமுன் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்துக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். அமோனியா நிறைந்த தொட்டி வெளியே பளபளக்கும். வாங்குபவரின் கண்ணுக்கு அந்த ஈரம் தெரியாது. சோதனைக் குழாய் வைத்திருக்கும் விற்பவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். அதற்குள் போடப்படும் மீனும் நம் பொறுப்பில் விடப்பட்ட ஓர் உயிர்.

ஆகவே தொடங்க விரும்புவோர் அகலக் கால் வைக்க வேண்டாம். கடன்பட்டுச் சில்லர் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரே ஒரு தொட்டியை மீன் மட்டும் வளர்க்கும் கடல் தொட்டியாக மாற்றுங்கள். ஆறு கிழமை வெறுந்தொட்டியாக விட்டு, ஒவ்வொரு சோதனை அளவையும் மின்சார அலகையும் கொப்பியில் எழுதுங்கள். பின்னர் ஒரு சோடி மீனை விட்டு ஆறு மாதம் வளர்த்துப் பாருங்கள். அந்தக் கொப்பியைக் காட்டித்தான் முதல் வாடிக்கையாளரிடம் விலை பேச வேண்டும். கடையில் அழகான தொட்டி இருப்பதை விட அந்தக் கொப்பி உங்களுக்கு அதிக வியாபாரத்தைத் தரும், இன்ஷா அல்லாஹ்.